எப்சிபா தலைகீழாகப் பிடித்த அட்டை

என் தங்கை எப்சிபா ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எழுதக் கை வராது என்று எனக்கே தெரியும்.

ஆம்பூரில் பேரணாம்பட்டு ரோட்டில் நாங்கள் இருவரும் வேலை செய்யும் தோல் ஷெட்டில், வடக்கு ஜன்னலை ஒட்டி, தோல்களைப் பிரித்து அடுக்கும் செலக்‌ஷன் மேசையின் தலைப்பக்க இடம். அவளுக்கு முன் அங்கே நின்ற ஐந்து பேரும் ஆண்கள். ஐவரும் பத்தாவதாவது படித்தவர்கள். எப்சிபா பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. பிறகு, சிவப்புப் பட்டையில் தொங்கும் அடையாள அட்டை. மேஸ்திரிகளுக்கு மட்டும்தான் சிவப்பு, என்னுடையது நீலம். ஒரு சுழல் நாற்காலி. அதில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, சாப்பாட்டுப் பையை வைத்திருக்கிறாள். மேனேஜர் ஜியாவுதீன் பாய் ஆற்காட்டிலிருந்து வாங்கிவந்து எல்லோர் முன்னாலும் அவள் கையில் கொடுத்த அரைக் கிலோ மக்கன் பேடா. பதினோரு உருண்டைகள் இருந்தன, நான் எண்ணினேன். கடைசியாக, இரண்டு பேருடைய தோல்கள் முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று ஒன்றாகக் கலந்துபோனபோது, ஒன்றரை நாளில் ஒன்றுகூடத் தப்பாமல் அவள் பிரித்துக் கொடுத்தது.

இவ்வளவுக்கும் அவளுக்கு எதிராக இருந்தவற்றில் பெரியது நான். அதையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் 1980இல் பிறந்தேன், அவள் 1983இல். அம்மாவும் அப்பாவும் காலை ஏழு மணிக்கு ஷெட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள யாராவது வீட்டில் இருந்தாக வேண்டும். நான் ஏற்கெனவே மூன்றாம் வகுப்பில் இருந்தேன், நன்றாகப் படிக்கிறேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் எப்சிபா வீட்டிலிருந்தாள். தம்பி நடக்கத் தொடங்கும்வரை என்றார்கள். அவன் நடந்தான், பள்ளிக்கூடமும் போனான். அதற்குள் அவளுக்கு ஒன்பது வயது, ஒன்றாம் வகுப்பில் உட்கார வெட்கப்பட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. நான் எட்டாவது வரை படித்தேன்.

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டை ஷெட்டுக்குக் கொண்டுபோவது அவள் வேலை. அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை உப்புப் போட்ட தோல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருப்பாள். எதிரே தோல்களில் உளியால் வெட்டிய குறிகள் இருக்கும். அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவ்வளவுதான், யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

குறிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஷெட்டில் மற்றவர்களின் தோல்களை வாங்கிப் பதப்படுத்தித் திருப்பிக் கொடுக்கிறோம். தோல் கொடுப்பவரைப் பார்ட்டி என்போம். பல பார்ட்டிகளின் தோல்கள் ஒரே டிரம்மில் சுழலும். வெளியே வந்ததும் எது யாருடையது என்று தெரிய வேண்டும். மையால் எழுதினால் சுண்ணாம்பில் அழிந்துவிடும். அட்டை கட்டினால் டிரம்மில் பிய்ந்துவிடும். அதனால் ஊறப்போடும் முன்பே வால் ஓரத்தில் உளியை வைத்துச் சுத்தியால் அடித்து, ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஓர் எண் வெட்டுவார்கள். உளியில் வளைவு வராது, நேர்கோடு மட்டும்தான் வரும். அதனால் எல்லா ஷெட்டிலும் ரோமன் எண்கள்தான்.

ரோமன் எண்களை நான் ஐந்தாம் வகுப்பில் படித்தேன். நான்குக்கு IV, ஒன்பதுக்கு IX. ஷெட்டில் யாரும் அப்படி வெட்டுவதில்லை. எங்கள் ஊறல் பக்கத்து வேலாயுதம் அண்ணன் நான்குக்கு நான்கு கோடு போடுவார். ஒன்பதுக்கு VIIII. வாணியம்பாடியில் ஒரு ஷெட்டில் Xஏ வெட்ட மாட்டார்கள், குறுக்கு வெட்டின் நடுவில் தோல் கிழிந்து ஓட்டை விழுகிறது என்று பத்துக்கு VV போடுவார்கள். பதினைந்து VVV. தோல் காய்ந்து சுருங்கியதும் Vயின் கூர் பிளந்து இரண்டு கோடுகள் மாதிரி நிற்கும், VV பார்ப்பதற்கு IIII ஆகிவிடும். எப்சிபா அதைக் கட்டைவிரலால் தடவி, "சாஞ்சி நிக்குது பாரு, இது நாலு இல்ல, பத்து" என்பாள்.

நான் 2006இல் ரிஜிஸ்டர் எழுதும் வேலையில் சேர்ந்தேன். அவள் அதற்கு முன்பே ஓரம் வெட்டும் வேலையில் இருந்தாள். அப்போதெல்லாம் அவளை "அன்னம்மா தங்கச்சி" என்பார்கள்.

2021 ஆகஸ்டில் பேரணாம்பட்டு ஷெட் ஒன்றிலிருந்து பாதி பதமான தோல்கள் வந்தன. குறி IIX. அப்போது செலக்‌ஷன் மேஸ்திரியாக இருந்தவர் சமீருல்லா. "பன்னெண்டு. திருப்பிப் போட்டிருக்கான்" என்று பன்னிரண்டாம் பார்ட்டியின் அடுக்கில் போடச் சொன்னார். ஓரம் வெட்டிக்கொண்டிருந்த எப்சிபா நிமிர்ந்து பார்த்தாள்.

"எட்டு பாய் அது."

"எட்டா? எங்க இருக்குது எட்டு?"

"அந்த ஷெட்டுல அப்டிதான் பாய். பத்து போட்டு முன்னாடி ரெண்டு கம்மி பண்ணுவாங்க. ஏழுக்கு மூணு கம்மி. பன்னெண்டு வேணும்னா பத்தை முதல்ல போட்டு, கொஞ்சம் எடம் வுட்டு ரெண்டு கோடு போடுவாங்க. இதுல எடம் வுடல பாருங்க."

நான் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னேன்: "எட்டுக்கு VIII. IIXனு ஒண்ணு கெடையவே கெடையாது. புஸ்தகத்துல இல்ல."

"புஸ்தகத்துல இல்லாதது தோல்ல இருக்குதேக்கா" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே யோசித்துக்கொண்டு சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். சமீருல்லா பேரணாம்பட்டுக்குப் போன் போட்டார். எட்டு என்றார்கள்.

அந்த வாரம்தான் மக்கன் பேடா வந்தது. எப்சிபா பெட்டியை அப்படியே என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். "நீ மொதல்ல எடுக்கா." எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்றேன். அப்போது எனக்குச் சர்க்கரை இல்லை. பிற்பாடுதான் வந்தது.

அதன் பிறகு அவளை மேசைப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார்கள். வெளியாட்கள் வந்தால் என்னைக் காட்டி, "எப்சி அக்கா, ரிஜிஸ்டர் எழுதுறாங்க" என்று அறிமுகம் செய்தார்கள். பதினைந்து வருடம் ஒரு எழுத்து அடிக்காமல், திருத்தாமல் எழுதிய கை இது. ஒரு தோல் எந்தத் தேதியில் உள்ளே வந்தது, எப்போது போனது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்கு யாரும் பேடா வாங்கித் தந்ததில்லை.

2022 டிசம்பரில் சமீருல்லா மகனோடு இருக்கச் சவுதிக்குப் போய்விட்டார். மேஸ்திரி இடம் காலி. ஜியாவுதீன் பாய் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"மார்ச் முடியறதுக்குள்ள ஒரு பேரு மேல அனுப்பணும். வெளிநாட்டு ஆடிட்காரங்க வர்றாங்க. செலக்‌ஷன் சீட்டுல பிரிச்ச ஆளே கையெழுத்து போடணும்ங்கிறாங்க, கைநாட்டு ஒத்துக்க மாட்டாங்க. எப்சி பிரிக்கட்டும். அதுவரைக்கும் அன்னம்மா கையெழுத்து போடட்டும். மார்ச்சுல யாரு பேர அனுப்பறதுன்னு பார்க்கலாம்."

யார் பெயர் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவளால் குறி படிக்க முடியும், பெயர் எழுத முடியாது. சம்பளச் சீட்டில் இடது கட்டைவிரல் வைப்பவள். எனக்குக் குறி சரியாக வராது, ஆனால் கையெழுத்து உண்டு. கையெழுத்து உள்ளவருக்குத்தான் இடம். மார்ச் வரை அப்படியே இருந்தால் போதும்.

ஜனவரி முதல் வாரத்தில் அவள் வீட்டில் வந்து கேட்டாள். இருவரும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறோம்.

"அக்கா, எனக்கு என் பேரு மட்டும் எழுத சொல்லிக் குடேன். பசங்ககிட்ட கேட்டா சிரிக்குதுங்க."

"ஞாயித்துக்கெழம பார்க்கலாம்" என்றேன்.

அந்த ஞாயிறு ஜனவரி 8. அதிலிருந்து மார்ச் 5 வரை ஒன்பது ஞாயிறுகள். ஒன்றில் ஏலகிரி போனோம். ஒன்றில் துணி துவைத்தேன். மற்ற ஏழிலும் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. அவள் இரண்டு தடவை கேட்டாள், அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இடையில் நான் இன்னொரு காரியம் செய்தேன். ஜனவரி 9ஆம் தேதி ஒரு பெரிய அட்டையில் ஒன்று முதல் ஐம்பது வரை ரோமன் எண்களைப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். அளவுகோல் வைத்து, ஒவ்வோர் எழுத்தும் இரண்டரை சென்டிமீட்டர். அதை ஜியாவுதீன் பாயிடம் காட்டி, "ஆடிட்காரங்க வந்தா ஷெட்டுக்கு ஷெட் ஒரு கணக்குன்னு சொன்னா நல்லாவா இருக்கும் பாய்? நம்ம ஷெட்டுலயாவது சரியா வெட்டுவோம்" என்றேன். அவருக்குப் பிடித்திருந்தது. எல்லாக் குறியும் புத்தகப்படி ஆகிவிட்டால் எப்சிபாவின் தனி அறிவுக்கு வேலை இருக்காது. நான் நினைத்தது அதுதான்.

ஊறல் பக்கச் சுவரில் ஒட்டுவதற்கு முன் எல்லோரும் கூடி அட்டையைப் பார்த்தார்கள். வேலாயுதம் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"ஒம்போதுக்கு ஒரு வீ, நாலு கோடு போட்டாதான் நமக்கு வழக்கம்."

"ஏன் அண்ணே?"

"ஏன்னா இன்னா? எங்கப்பா போட்டாரு, நான் போடறேன்."

"நேரமும் மிச்சம் அண்ணே. ஆறு அடிக்குப் பதிலா மூணே அடி" என்றேன்.

எப்சிபா அட்டையை என் கையிலிருந்து வாங்கினாள். பார்த்தாள். பிறகு தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே காட்டி, "அக்கா, இத இப்டி பாரேன்" என்றாள்.

டிரம் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். "எழுத்து தெரியாதவளாண்ட அட்டைய குடுத்தா தலகீழாத்தான் புடிப்பா." நானும் சிரித்தேன். குழந்தைக்குச் செய்வது மாதிரி அவள் கையிலிருந்த அட்டையை நேராகத் திருப்பி வைத்தேன். "இப்டி புடிக்கணும் எப்சி."

அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மேசைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 9ஆம் தேதி வியாழக்கிழமை, ஒன்பதாம் எண் பார்ட்டியான அப்துல் கரீம் தன் தோல்களைப் பார்க்க வந்தார். கறுப்புச் சாயம் ஏறி, காய்ந்து, அடுக்காகத் தயாராக இருந்தன. அவர் அடுக்கின் நடுவிலிருந்து ஒரு தோலை இழுத்துத் தடவினார். இன்னொன்றை இழுத்தார்.

"இது என் மாலே இல்ல ஜியா பாய். நான் குடுத்தது ஒரே மாதிரி சன்னமான மால். இது இன்னாது, சொரசொரன்னு?"

பதினோராம் எண் பார்ட்டியின் தோல்களும் அதே டிரம்மில் ஓடியிருந்தன. இரண்டும் கறுப்பு. ஜியாவுதீன் பாய் குறியைப் பார்த்தார். IX. சரியாகத்தான் இருந்தது. தோலைத் தூக்கிய பையன் அதை மறுபக்கமாகப் போட்டான். XI.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்த தோலை நானே எடுத்துப் பார்த்தேன். வாலை என் பக்கம் வைத்தால் IX. சுற்றி எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் XI. குப்புறப் போட்டாலும் XI. வேலாயுதம் அண்ணனும் இன்னொருவரும் மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்று, தோல் எப்படி வந்து விழுகிறதோ அப்படியே மாறி மாறி வெட்டுவார்கள். அதனால் எந்தத் தோலில் எது நேர், எது தலைகீழ் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய VIIII எப்படித் திருப்பினாலும் ஒன்பதுதான். பதினொன்று எப்படித் திருப்பினாலும் அதோடு சேராது. அதற்காகத்தான் அந்த வழக்கம். போட்டவருக்கே காரணம் தெரியாது. அட்டையைத் தலைகீழாகப் பிடித்தவளுக்குத் தெரிந்திருந்தது.

மேசை ஆட்கள், தோல் எந்தப் பக்கமாக வந்து விழுந்ததோ அந்தப் பக்கமாகவே குறியைப் படித்து அடுக்கியிருக்கிறார்கள். அவர்கள் அடுக்கிய வாரம் எப்சிபா மாமியார் சாவுக்காக அணைக்கட்டு போயிருந்தாள். செலக்‌ஷன் சீட்டில் கையெழுத்து நான் போட்டிருந்தேன்.

"நாப்பது வருஷமா ஒரு வீ, நாலு கோடு" என்றார் வேலாயுதம் அண்ணன், யாரையும் பார்க்காமல். "அட்ட ஒட்டுனாங்க. மாத்துனேன்."

அப்துல் கரீம் சத்தம் போட்டார். ஜியாவுதீன் பாய்க்கு வியர்த்துவிட்டது. ஒரு பார்ட்டியின் மாலை இன்னொரு பார்ட்டிக்குக் கொடுத்த ஷெட் என்று பெயர் வந்தால் ஆம்பூரில் அடுத்த ஆள் தோல் தர மாட்டான். அன்று காலையில்தான் வேலைக்குத் திரும்பியிருந்த எப்சிபா ஒரு தோலைத் தன் பக்கம் இழுத்தாள். வெட்டின் மேல் கட்டைவிரலை மூன்று தடவை ஓட்டினாள். இன்னொன்று எடுத்தாள். கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு தடவினாள்.

"பிரிச்சிடலாம் பாய்."

"எப்டிம்மா? ரெண்டும் ஒரே குறி."

"குறி ஒண்ணுதான். போட்ட வரிச வேற. வேலாயுதண்ணன் மொத அடிய ஊனி அடிப்பாரு, வெட்டு நீளமா தொறக்கும். கடைசி அடிய அடிக்கறப்பவே அவரு கண்ணு அடுத்த தோலுக்குப் போய்டும். அது சிறுசா வுழும். தனிக் கோடு நீளமா இருந்தா அத மொதல்ல போட்டிருக்காரு, அது ஒம்போது. சிறுசா இருந்தா கடைசியில போட்டது, அது பதினொண்ணு."

"நான் எல்லாத்தையும் ஒரே அடிதான் அடிப்பேன்" என்றார் வேலாயுதம் அண்ணன் கோபமாக.

"ஆமாண்ணே. கல்யாணத்துல கூட கடைசிப் பந்தியில நீங்க அப்டித்தான் பரிமாறுவீங்க."

அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணனே உதட்டைக் கடித்துக்கொண்டார். "எதிர்ல நிக்கிற ஆளு?" என்று கேட்டார் ஜியாவுதீன் பாய். "அவரு இடதுகை பாய், வெட்டு சாயும். ஆனா மொத அடி அவருக்கும் பெருசுதான். யாருக்கும் அப்டித்தான்."

நான் அளவுகோலை எடுத்து அளந்தேன். தனிக் கோடு இருபத்து நான்கு மில்லிமீட்டர். Xஇன் கடைசிக் கோடு இருபத்திரண்டு. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தை அவள் விரலால் பார்த்திருக்கிறாள்.

அப்துல் கரீம் கேட்டார்: "இந்தம்மா எது வரைக்கும் படிச்சிருக்காங்க?"

"கைநாட்டு" என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"ரிஜிஸ்டர்ல எந்த லாட்டு எத்தன அன்னம்மா?" என்றார் ஜியாவுதீன் பாய்.

"அவ பிரிச்சி முடிக்கட்டும் பாய். முன்னாடியே சொன்னா எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி பிரிச்சிட்டான்னு இவரு சொல்லுவாரு."

அப்துல் கரீம் அதை ஒப்புக்கொண்டார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. நியாயம்தான். ஆனால் நான் நியாயத்துக்காகச் சொல்லவில்லை. எண்ணிக்கை பொருந்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். பொருந்தாவிட்டால் அட்டை எழுதிய குற்றத்தோடு அவளுடைய பெயரும் சேர்ந்து விழும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கினாள். ஜும்மா தொழுகைக்காக ஒன்றரை மணி நேரம் மேசை நின்றது, அப்போது மட்டும் சாப்பிட்டாள். ஒவ்வொரு தோலுக்கும் மூன்று தடவல். இடது பக்கம் ஒன்பது, வலது பக்கம் பதினொன்று. சந்தேகம் வந்ததை நடுவில் வைத்தாள், பிறகு அவற்றை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் மடித்துப் பிடித்துப் பார்த்தாள். சனிக்கிழமை பன்னிரண்டரைக்குக் கடைசித் தோலைப் போட்டாள். கட்டைவிரல் தோல் வழண்டு சிவந்திருந்தது.

நான் எண்ணினேன். வலது பக்கம் நூற்று எண்பத்தெட்டு. ரிஜிஸ்டரிலும் நூற்று எண்பத்தெட்டு. இடது பக்கம் எண்ணினேன். இருநூற்று ஐந்து.

"ரிஜிஸ்டர்ல எரநூத்தி ஆறு" என்றேன். "ஒண்ணு கம்மி பாய்."

என் குரலில் இருந்தது எனக்கே கேட்டது. எப்சிபாவுக்கும் கேட்டிருக்கும். அவள் அடுக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"பாய் ரூம்ல சாம்பிள் ஒண்ணு தொங்குதேக்கா. சாய டிரம்முக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்தது. அது ஒம்போதுதான்."

ரிஜிஸ்டரின் அதே பக்கத்தில், நான்கு வரி கீழே, என் கையெழுத்தில் இருந்தது: பிப்ரவரி 20, லாட் 9, ஒன்று, ஆபீஸ் சாம்பிள். நான் அதை மறந்திருந்தேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. எண்ணத் தொடங்கும்போதே அந்த வரியைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஒன்று கம்மி என்றேன்.

அப்துல் கரீம் அறைக்குள் போய்ச் சாம்பிளைப் பார்த்தார். "இது பதினொண்ணுல்ல?" என்று கத்தினார். கழுத்துப் பக்கம் மேலே மாட்டியிருந்ததால் அப்படித் தெரிந்தது. எப்சிபா அவர் கையைப் பிடிக்காமல் குறியை மட்டும் காட்டி, "கோட்டத் தொட்டுப் பாருங்க பாய். அப்பறம் பெருக்கலத் தொடுங்க" என்றாள். அவர் தொட்டார். மறுபடி தொட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா தோலு என்னுதுதான், நான் பார்த்தாலே தெரியுது" என்றார்.

ஜியாவுதீன் பாய் புதுச் செலக்‌ஷன் சீட்டை என் முன்னால் நீட்டினார். "கையெழுத்து போடு அன்னம்மா. திங்கட்கிழமை பேரையும் மேல அனுப்பிடறேன்."

பேனாவைத் திறந்தேன். எப்சிபா ஏற்கெனவே கை கழுவிக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் போடுக்கா, ஒரு மணி பஸ் போய்டும்" என்றாள். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. அக்கா பெயர் போட்டால் தன் பெயர் போட்ட மாதிரி என்று நினைக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

"செவ்வாக்கெழம தர்றேன் பாய்" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"பிரிச்ச ஆளு போடணும்னுதான சீட்டுல அச்சடிச்சிருக்கு. நான் பிரிக்கல. பேரும் அதுக்கப்பறம் அனுப்புங்க."

அவர் என்னையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "லாரி செவ்வாக்கெழம பத்து மணிக்கு வருது. அதுக்கு மேல பேஜார் பண்ணாத."

பஸ்ஸில் அவளிடம் கேட்டேன்.

"அன்னிக்கு அட்டைய தெரிஞ்சிதான தலகீழா புடிச்ச?"

"பின்ன?"

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லத்தான் வந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "படிச்சவ, ஏதோ தெரிஞ்சிதான் செய்றான்னு வுட்டுட்டேன்."

திங்கட்கிழமை நானே சுவரிலிருந்து அட்டையைக் கிழித்தேன். வேலாயுதம் அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒட்டறப்ப நல்ல பசையாத்தான் போட்டிருக்க" என்றார். அவ்வளவுதான் பேசினார். சுவரில் ஒரு மூலையில் இன்னும் கொஞ்சம் அட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்கு முந்தைய நாள், மார்ச் 12, பத்தாவது ஞாயிறு. ஆலயத்திலிருந்து வந்ததும் அவளை என் வீட்டில் உட்காரவைத்தேன். நோட்டில் அவள் பெயரை எழுதிக் காட்டினேன். அவள் முதல் எழுத்தைப் பார்த்து மலைத்துப்போனாள்.

"இன்னாக்கா இது, எல்லாம் சுழியா இருக்குது. நேர்கோடே இல்லியே."

"ப இருக்குது பாரு. மூணே கோடு."

"ஆமா, இத உளியிலயே வெட்டிடலாம்." அவளுக்குச் சந்தோஷம். பெயரில் ப இரண்டு தடவை வருகிறது என்றதும் இன்னும் சந்தோஷம். ப முதலில் வந்தது, பா அடுத்தது. எ ஞாயிறு முழுவதும் வரவில்லை. சி திங்கட்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஒரு மாதிரி வந்தது. நாற்பத்தெட்டுப் பக்க நோட்டில் முப்பத்தொரு பக்கம் தீர்ந்தது. நான் அவள் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. பிடித்திருந்தால் அது என் கையெழுத்தாகிவிடும்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. சிவப்புப் பட்டையைப் பார்க்கும்போது இன்றைக்கும் என் நீலப் பட்டையை முந்தானைக்குள் இழுத்துவிட்டுக்கொள்கிறேன். போன மாதம்கூட வெளியாள் ஒருவர் வந்தபோது, யாரும் கேட்காமலே, "எழுதச் சொல்லிக் குடுத்தது நான்தான்" என்றேன். அவள், "ஆமா, அக்காதான்" என்றாள். ஒன்பது ஞாயிறுகளைப் பற்றி அவள் சொல்லவில்லை. அதனால்தான் நான் எழுதிவைக்கிறேன். ரிஜிஸ்டர் எழுதுகிறவள் ஒரு வரியை மறைத்தால் அது மொத்தத்தையும் கெடுத்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதே முக்காலுக்கு லாரி வாசலில் நின்றது. எப்சிபா நின்றுகொண்டே, மேசையில் குனிந்து, கார்பன் வைத்து மூன்று பிரதிகள் அடுக்கிய சீட்டில் எழுதினாள். அவள் எழுதி முடிக்கும்வரை ஜியாவுதீன் பாய் போனை எடுக்கவில்லை. எ ஊன்றி விழுந்து முதல் தாளைக் கிழித்துவிட்டது. கடைசியில் வந்த பாவின் கால் சிறுத்து, மூன்றாம் பிரதியில் பதியவே இல்லை. அவள் கண் அதற்குள் லாரிக்குப் போய்விட்டிருந்தது. அந்த மூன்றாம் பிரதி என் ரிஜிஸ்டரில் இருக்கிறது. பெயருக்குக் கீழே தேதியை நான் எழுதினேன்: 2023 மார்ச் 14.